கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றை மதிப்பிடுதல்: கிளியனூர் – மரக்காணம் பகுதியை முன்வைத்து ஒரு மொழிவழி விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஏடிஎச்டி எனச் சுருக்கமாக வழங்கப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் நரம்பு வளர்ச்சிசார் நிலையாகும். இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ இதனை உறுதிசெய்ய இயலாது. வீடு, பள்ளி ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் கிடைக்கும் விவரிப்புகளை ஒன்றுசேர்த்தும் பிற காரணங்களை விலக்கியுமே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் குழந்தையைக் குறித்துச் சொல்லும் சொற்களே இம்மதிப்பீட்டின் முதன்மைச் சான்றுகளாகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் கிளியனூர், மரக்காணம் பகுதியின் வாழ்நிலையை முன்வைத்து, இம்மதிப்பீடு நடைபெறும் முறையையும் அதில் தமிழ்ச் சொற்கள் வகிக்கும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏடிஎச்டி, மதிப்பீடு, கலைச்சொல்லாக்கம், வினாப்பட்டியல் தமிழாக்கம், கிளியனூர், மரக்காணம், பள்ளி நலம்

முன்னுரை

திண்டிவனத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் கிளியனூர். அதன் கிழக்கே கடற்கரை நோக்கிச் சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள் விரிகின்றன. வேளாண் கூலி, உப்பள வேலை, கட்டட வேலை, புதுச்சேரிக்குச் சென்று திரும்பும் நாள் வேலை ஆகியவற்றைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. இப்பகுதியில் ஒரு குழந்தை வகுப்பில் நிலைகொள்ளாமல் இருந்தாலோ, எழுதத் தொடங்கியதை முடிக்காமல் விட்டாலோ, அதனை மருத்துவம் சார்ந்த செய்தியாக எவரும் முதலில் கருதுவதில்லை. 'வாலு', 'துடுக்கு', 'சொன்ன பேச்சுக் கேட்காதவன்', 'சோம்பேறி' போன்ற சொற்களே முதலில் வந்து சேர்கின்றன.

இச்சொற்கள் குழந்தையை அறிமுகப்படுத்தும்போதே அவனைப் பற்றிய தீர்ப்பையும் வழங்கிவிடுகின்றன. தீர்ப்பு வழங்கப்பட்ட பின் ஆராய வேண்டியது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எழுவது இயல்பு. குழந்தை மருத்துவரிடம் சென்று சேர்வதும் சேராமற்போவதும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிவாகின்றன. எனவே ஏடிஎச்டி மதிப்பீட்டை மருத்துவத்துறைக்கு மட்டும் உரிய பொருளாகக் கொள்ளாமல், மொழியாய்வாளரும் கல்வியாளரும் பங்கேற்க வேண்டிய பொருளாகக் கொள்வது பொருத்தமாகும்.

நோய்நிலையும் பெயர் வரலாறும்

1902ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவுத்திறன் குறையாதிருந்தும் தம் செயலை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகள் விவரிக்கப்பட்டனர். அவர் அந்நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்ற கருத்தில் பெயரிட்டார். 1968இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் இரண்டாம் கையேடு, குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை என்ற கருத்தில் இதனைக் குறித்தது. 1980இல் வெளிவந்த மூன்றாம் கையேட்டில்தான் கவனம் என்பது பெயரின் மையத்திற்கு வந்தது. 1987இல் கவனமும் மிகையியக்கமும் ஒரே பெயரில் இணைக்கப்பட்டன. ஒழுக்கக் குறையாகக் கருதப்பட்ட ஒன்று, நரம்பு வளர்ச்சிசார் நிலையாக ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதை இப்பெயர் மாற்றங்கள் காட்டுகின்றன.

2013இல் வெளியான ஐந்தாம் கையேட்டின்படி, கவனமின்மை தொடர்பாக ஒன்பதும் மிகையியக்கம், உந்துதல் ஆகியன தொடர்பாக ஒன்பதும் என அறிகுறிகள் இருவகையாகப் பட்டியலிடப்படுகின்றன. குழந்தைகளிடம் ஏதேனும் ஒரு வகையில் குறைந்தது ஆறு அறிகுறிகளும், 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் குறைந்தது ஐந்து அறிகுறிகளும் காணப்படல் வேண்டும். அவை ஆறு மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும். 12 வயதிற்கு முன்பே சிலவாவது தோன்றியிருக்க வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் வெளிப்பட வேண்டும். படிப்பையோ உறவையோ அன்றாட வாழ்வையோ பாதிக்க வேண்டும். வேறொரு நிலையால் மேலும் பொருத்தமாக விளக்கத்தக்கனவாக இருத்தல் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அது அறிகுறிகளின் எண்ணிக்கையை வரையறுக்காவிடினும் கால அளவு, தொடங்கும் வயது, பல இடங்களில் வெளிப்படுதல் ஆகியவற்றில் ஒத்த கருத்தையே கொண்டுள்ளது.

உலக அளவில் இக்கோளாற்றின் பரவலை ஆராய்ந்து 2007இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அதனை ஏறத்தாழ 5.3 விழுக்காடு எனக் கணித்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 தொடக்கநிலை மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு 11.32 விழுக்காடு எனக் குறிப்பிட்டது. இவ்வளவு வேறுபாடு எழுவதற்குப் புவியியலைவிட ஆய்வுமுறையே பெரிதும் காரணமாகிறது என்பதே 2007ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின் முடிவாகும். யாரிடம் கேட்கப்பட்டது, எவ்வாறு கேட்கப்பட்டது, எந்த அளவுகோல் கொள்ளப்பட்டது என்பவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. கேள்வி கேட்கும் மொழியின் முக்கியத்துவத்தை இதிலிருந்தே உணரலாம்.

தமிழ்ப் பெயர் எழுப்பும் சிக்கல்

தமிழில் இந்நிலைக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, கவனச்சிதறல் மிகையியக்கக் குறைபாடு, கவனப் பற்றாக்குறை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் 'அவதானம்' என்னும் சொல்லை அடியாகக் கொண்ட வழக்குகளும் உள்ளன. இவற்றுள் மிகுதியாக வழங்குவது 'கவனக்குறைவு' என்பதேயாகும்.

ஆனால் அன்றாடத் தமிழில் கவனக்குறைவு என்பதற்குப் பொறுப்பின்மை என்ற பொருளே முந்தி நிற்கிறது. ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது, ஊழியரின் கவனக்குறைவால் கோப்பு தொலைந்தது என்னும் வழக்குகளில் அச்சொல் குற்றத்தைச் சுட்டுகிறது. கவனமாக இருந்திருக்க முடியும், ஆயினும் இருக்கவில்லை என்பதே அதன் உட்பொருள். இப்பெயரைக் கேட்கும் தாய், தன் மகன் வேண்டுமென்றே கவனியாதிருக்கிறான் என்றோ, தான் கவனித்து வளர்க்கத் தவறிவிட்டதாக மருத்துவரும் கூறுகிறார் என்றோ பொருள் கொள்ள இடமுண்டு. 1902இல் ஆங்கில மருத்துவம் கொண்டிருந்த ஒழுக்கக்குறை என்னும் பொருள், மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழில் மீண்டும் நுழைந்துவிடுகிறது.

'கவனச்சிதறல்' என்னும் பெயர் குற்றச்சாட்டின் சாயலைக் குறைக்கிறது. எனினும் சிதறல் என்பது புறத்தே எழும் ஓசையாலோ காட்சியாலோ எவருக்கும் நேரக்கூடிய தற்காலிக நிகழ்வையே பெரிதும் சுட்டும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நிலை என்பதை அது உணர்த்துவதில்லை. மேலும், இந்நிலையில் உள்ள குழந்தைக்குக் கவனம் அறவே இல்லை என்பதும் சரியன்று. விருப்பமான விளையாட்டிலோ கைப்பேசியிலோ அவன் நெடுநேரம் ஆழ்ந்திருக்கக்கூடும். கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் வேண்டியபோது மாற்றுவதுமே அவனுக்குக் கடினமாகின்றன. 'ஒழுங்குபடுத்தல்' என்னும் இக்கருத்து வழக்கிலுள்ள தமிழ்ப் பெயர்களில் இடம்பெறவில்லை.

தமிழ் மரபு கவனத்தைப் பயிற்சியால் பெறும் ஆற்றலாகப் போற்றியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அட்டாவதானம், தசாவதானம், சதாவதானம் என்பன ஒரே நேரத்தில் பலவற்றை நினைவில் நிறுத்தும் கலைகளாக வளர்ந்தன. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்தியது தமிழறிஞர் பலரும் அறிந்த செய்தி. பயின்றால் கவனம் கைகூடும் என்னும் இம்மரபுப் பார்வை உயரியதே. ஆயினும் அதனை அனைத்துக் குழந்தைகளுக்கும் ஒரே அளவாகப் பொருத்தும்போது, கவனம் கைகூடாத குழந்தை முயலாத குழந்தையாகக் கருதப்பட்டுவிடுகிறது.

மதிப்பீடு நடைபெறும் முறை

ஏடிஎச்டி மதிப்பீடு ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே சோதனையால் முடிவதன்று. முறையான மதிப்பீட்டில் சில படிநிலைகள் உள்ளன.

முதற்படி உடல்சார் ஆய்வாகும். செவித்திறன் குறைந்த குழந்தை ஆசிரியர் சொல்வதைக் கேளாதவனாகத் தோன்றலாம். பார்வை மங்கிய குழந்தை கரும்பலகையிலிருந்து எழுதுவதைப் பாதியில் விடலாம். சில நொடிகள் நினைவு விலகும் வலிப்பு வகை, பகற்கனவு எனப் பிழையாகக் கொள்ளப்படலாம். இரத்தசோகை, உறக்கக் குறைவு, தைராய்டு சுரப்புக் கோளாறு ஆகியனவும் கவனத்தைப் பாதிப்பன. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இரத்தசோகை காணப்பட்டது. எனவே இப்படிநிலையைத் தாண்டிச் செல்வது பிழையான முடிவிற்கு வழிவகுக்கும்.

இரண்டாம் படி வளர்ச்சி வரலாறு. கருவுற்ற காலம், மகப்பேறு, குழந்தை நடந்த வயது, பேசிய வயது, குடும்பத்தில் ஒத்த இயல்புடையோர், உறக்கம், உணவு, வீட்டில் நிகழ்ந்த இழப்புகள், அச்சுறுத்தல், அடி ஆகியன கேட்டறியப்படும். அச்சத்திலோ துயரிலோ வாழும் குழந்தையும் கவனம் செலுத்த இயலாதவனாகவே தோன்றுவான் என்பதால் இவ்வினாக்கள் தவிர்க்க இயலாதவை.

மூன்றாம் படியில் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே வினாப்பட்டியல்களை நிரப்புவர். கானர்ஸ், வாண்டர்பில்ட் ஆகிய பெயர்களால் அறியப்படும் அளவுகோல்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. இந்தியச் சூழலுக்கென இன்கிளென் அமைப்பு உருவாக்கிய கருவி 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்குரியது. அதன் செல்லுபடித்தன்மை குறித்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. இப்பட்டியல்களின் மதிப்பெண் மட்டுமே நோயறிதல் ஆகாது. எங்கே மேலும் வினவ வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும்.

நான்காம் படியில் உளவியலாளர் அறிவுத்திறனையும் கற்றல் திறனையும் சோதிப்பார். இந்தியக் குழந்தைகளுக்கென மாலின் தகவமைத்த அறிவுத்திறன் அளவுகோல் இதற்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று. படிக்க இயலாததால் கவனம் விலகுகிறதா, கவனம் விலகுவதால் படிக்க இயலவில்லையா, இரண்டும் சேர்ந்தே உள்ளனவா என்பது இப்படியில் தெளிவாகும். ஏடிஎச்டி உள்ள குழந்தைகள் பலரிடம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பதற்றம், மதியிறுக்கம் ஆகியவற்றுள் ஒன்றும் உடனிருப்பதுண்டு.

இறுதியில் குழந்தை மருத்துவரோ மனநல மருத்துவரோ இவற்றை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, குழந்தையின் வயதோடு ஒப்பிட்டு முடிவு கூறுவர். இவ்வொப்பீடு எளிதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வகுப்பில் மிக இளையவர்களாகிய டிசம்பர் மாதத்தில் பிறந்தோர், சனவரியில் பிறந்தோரைவிட மிகுதியாக இந்நோயறிதலைப் பெற்றிருந்தனர். சிறுவரிடையே இம்மிகுதி 30 விழுக்காடாகவும் சிறுமியரிடையே 70 விழுக்காடாகவும் இருந்தது. வகுப்பிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டே ஆசிரியர் பேசுகிறார் என்பதால், இளைய குழந்தையின் இயல்பான முதிர்ச்சியின்மையும் நோயாகத் தோற்றமளிக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

வினாப்பட்டியலைத் தமிழாக்கும்போது

மேற்கூறிய அளவுகோல்களிற் பெரும்பாலானவை மேலைநாட்டு வகுப்பறையையும் வீட்டையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வினா தமிழில் இருக்கும்; பொருள் வேறிடத்தில் நிற்கும்.

இருக்கையை விட்டு எழுதல் என்னும் அறிகுறியை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகள் தரையில் குழுவாக அமர்ந்தும் இடம்மாறியும் கற்பதற்கு வழிசெய்துள்ளன. அங்கே எழுந்து நடப்பது கற்றலின் பகுதி. எனவே 'இருக்கையை விட்டு எழுகிறானா?' என்னும் வினாவிற்கு எல்லாக் குழந்தைகளைக் குறித்தும் 'ஆம்' என்ற விடையே கிடைக்கும். 'தன் குழுவின் செயல்பாடு முடியுமுன் அதனை விட்டு வேறு குழுவிற்குப் போய்விடுகிறானா? திரும்ப அழைத்து அமர்த்தியும் எழுந்துவிடுகிறானா?' என வினவினால் அறிகுறி பிடிபடும்.

தன் முறை வரும்வரை காத்திருத்தல் என்பதைச் சத்துணவு வரிசையிலும் குடிநீர்க் குழாயடியிலும் வைத்துக் கேட்கலாம். பொருள்களைத் தொலைத்தல் என்னும் வினாவை, ஒரே பென்சிலை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அப்படியே கேட்பது முறையாகாது. கடைக்கு அனுப்பினால் சொன்ன பொருளை வாங்கி மீதிச் சில்லறையோடு திரும்புகிறானா என்பது, தொடர் கட்டளைகளை நினைவில் நிறுத்தும் திறனை எந்தத் தாயும் விளக்கக்கூடிய வடிவில் வெளிக்கொணரும். இயந்திரத்தால் உந்தப்பட்டவன் போன்று என்னும் பொருள்படும் தொடரைவிட, 'ஓரிடத்தில் கால் தரிக்காது' என்னும் வழக்கு இப்பகுதியின் தாய்மார்க்கு எளிதில் விளங்கும்.

'அடிக்கடி' என்னும் சொல்லும் ஆய்விற்குரியது. நான்கு குழந்தைகள் உள்ள வீட்டின் அடிக்கடியும் ஒரே குழந்தை உள்ள வீட்டின் அடிக்கடியும் ஒன்றல்ல. 'ஒரு பாடவேளையில் எத்தனை முறை', 'வாரத்தில் எத்தனை நாள்' என எண்ணிச் சொல்லக்கூடிய வடிவில் வினவுதல் இவ்வேறுபாட்டைக் குறைக்கும். இவ்வாறு தகவமைத்த வினாக்கள் களத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே அளவுகோலாகப் பயன்படத் தகும் என்பதும் உடன் கருதத்தக்கது.

கிளியனூரிலிருந்து செல்லும் வழிகள்

இப்பகுதிக் குழந்தை மதிப்பீட்டை அடைவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று பள்ளிவழி. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டிற்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டிற்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். பிறப்பு முதல் 18 வயது வரை அத்திட்டம் கண்டறிய வேண்டிய நிலைகளுள் ஏடிஎச்டியும் ஒன்று. ஐயத்திற்குரிய குழந்தைகளை அக்குழு மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கும். மாவட்ட மனநலத் திட்டமும், முண்டியம்பாக்கத்தில் இயங்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இவ்வழியில் அமைவன. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே பாலமாக அமையத்தக்கவர்.

மற்றொன்று குடும்பம் தானாகத் தேர்ந்துகொள்ளும் வழி. கிளியனூர் மக்களுக்கு விழுப்புரத்தைவிடப் புதுச்சேரி அருகிலுள்ளது, பேருந்தும் எளிது. எனவே உடல்நலக்குறை எதுவாயினும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் இப்பகுதியில் வேரூன்றியது. குழந்தை மருத்துவம், மனநல மருத்துவம் ஆகிய இரு துறைகளும் அங்கு உள்ளன.

இவ்விரு வழிகளும் தனித்தனியே நல்லன. ஆனால் பள்ளியின் பரிந்துரைத்தாள் விழுப்புரத்தை நோக்குகிறது. குடும்பத்தின் கால்கள் புதுச்சேரியை நோக்குகின்றன. இடையில் ஆசிரியரின் குறிப்பு மருத்துவரைச் சென்று சேராமற்போகும் வாய்ப்பு மிகுதி. இரண்டு இடங்களின் சான்று வேண்டப்படும் மதிப்பீட்டில், ஒரிடத்தின் சான்று விடுபட்டால் மற்றொரு வருகை தேவைப்படும். ஒவ்வொரு வருகையும் ஒரு நாட்கூலியின் இழப்பு. ஆகவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பயன்படும் வகையில் ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பைத் தாயின் கையிலேயே கொடுத்தனுப்புவது எளிய, பயன்மிக்க ஏற்பாடாகும்.

தொழிலின் பருவமும் இதில் பங்குபெறுகிறது. உப்பள வேலை ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரை நீளும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் பெற்றோர் விடியுமுன்னரே பாத்திக்குச் செல்வர். அதிகாலையில் எழுப்பப்பட்டு, தம்பி தங்கையரைக் கவனித்து, தானே கிளம்பிப் பள்ளிக்கு வரும் குழந்தை முற்பகலில் சோர்ந்திருப்பது உறக்கக் குறைவின் விளைவாகவும் இருக்கலாம். இந்நிலையில், அறிகுறிகள் உப்பள வேலைக் காலத்தில் மட்டும் தோன்றுகின்றனவா, மழைக்கால ஓய்விலும் நீடிக்கின்றனவா என்று வினவுவது பொதுவான எந்த வினாப்பட்டியலிலும் இல்லாத, ஆனால் இப்பகுதிக்கு இன்றியமையாத கேள்வியாகும். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், பசியால் விளையும் சோர்வை ஓரளவு விலக்கிப் பார்க்க உதவும். வேலையற்ற மழை மாதங்களிற் பெற்றோருக்கு நாள் கிடைப்பதால், தொடர் வருகைகளை அப்போது அமைத்துக்கொள்ளுதல் தகும்.

பெண் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும்

வகுப்பைக் குலைக்கும் குழந்தையே முதலில் கண்ணில் படுகிறான். மிகையியக்கம் இன்றிக் கவனமின்மை மட்டும் உள்ள குழந்தை எவருக்கும் இடையூறு செய்வதில்லை. மூன்றாம் வரிசையில் அமைதியாக அமர்ந்து, சன்னலுக்கு வெளியே நோக்கி, வினவும்போது மட்டும் திடுக்கிடும் சிறுமியை 'அமைதியான பிள்ளை' என்றோ 'மந்தம்' என்றோ கூறி விட்டுவிடுவர். குழந்தைகளிடையே இந்நிலை சிறுமியரைவிடச் சிறுவரிடம் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுவதாகக் கையேடு குறிப்பிடுகிறது. மருத்துவமனைக்கு அழைத்துவரப்படுவோரில் சிறுவர் மிகுதியாக இருப்பதற்கு, சிறுமியர் பரிந்துரைக்கப்படாமையும் ஒரு காரணமாகும். வீட்டு வேலை தெரிந்த பெண்ணுக்குப் படிப்பில் பின்தங்குவது குறையன்று என்னும் எண்ணம் இருக்கும் இடங்களில் இவ்விடுபடல் மேலும் ஆழமாகிறது.

வளரிளம் பருவத்தில் ஓட்டமும் தாவலும் அடங்கி, உள்ளத்து நிலைகொள்ளாமையாக மாறுவதுண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லாததால், பின்தங்கிய குழந்தையும் வகுப்பு மாறிக்கொண்டே செல்கிறான். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் திடீரெனத் தோல்வியாக அது வெளிப்படுகிறது. தேர்ச்சி நிறுத்தம் இன்மை குழந்தைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் நல்ல ஏற்பாடே. எனினும் 12 வயதிற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன என்பதற்குப் பதினைந்து வயதில் சான்று தேட வேண்டியதாகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நினைவு, பழைய தரநிலை அறிக்கை, பாதியில் நின்ற பழைய குறிப்பேடு, அங்கன்வாடிப் பணியாளரின் சொல் ஆகியன அப்போது மருத்துவச் சான்றுகளாகின்றன. பழைய குறிப்பேடுகளை எடைக்குப் போடாமல் ஆண்டிற்கு ஒன்றையேனும் எடுத்துவைத்தல் இதனால் பயனுடையது.

'வேலைக்கு அனுப்பினால் சரியாகிவிடுவான்' என்னும் பேச்சும் இவ்வயதிலேயே எழுகிறது. உடலுழைப்பில் அவன் சுறுசுறுப்பாக இருப்பது உண்மையாகவே இருக்கலாம். உடனடிப் பலனும் இயக்கமும் உள்ள பணியில் அறிகுறிகள் மங்கித் தோன்றும் என்பது இந்நிலையின் இயல்பு. அது நோயின்மைக்குச் சான்றாகாது. படிப்பை நிறுத்துவதற்கும் காரணமாகாது. 14 வயதிற்குட்பட்டோரைப் பணியமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்துள்ளது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தீர்ப்புச் சொல்லும் விவரிப்புச் சொல்லும்

ஆசிரியர் தரும் குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டு ஒன்றால் காணலாம். நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனைக் குறித்து, 'அடங்காதவன், படிப்பில் அக்கறையில்லை, வீட்டில் கண்டிப்பில்லை' என எழுதப்பட்டால், அதிலிருந்து மருத்துவர் அறியக்கூடியது ஆசிரியரின் சலிப்பை மட்டுமே. அதே மாணவனைக் குறித்து, 'சூன் மாதம் முதல் கவனித்துவருகிறேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் ஆறேழு முறை எழுகிறான். வாய்க்கணக்கைப் பிறருக்கு முன்பே சொல்லிவிடுகிறான். எழுத்துக்கணக்கில் முதல் இரண்டைச் செய்து மூன்றாவதை விட்டுவிடுகிறான். கேள்வி முடியுமுன் விடை கூறுகிறான். அருகில் அமர்த்தி ஒவ்வொன்றாகக் கொடுத்தால் முடிக்கிறான். பிற்பகலில் மிகுதி' என எழுதப்பட்டால், அதில் கால அளவு, எண்ணிக்கை, திறன், இடர்ப்பாடு, உதவியால் நேரும் மாற்றம் ஆகிய ஐந்தும் அடங்கிவிடுகின்றன.

தாயின் சொற்களுக்கும் இது பொருந்தும். 'சொன்னா கேக்க மாட்டான் சார்' என்னும் தொடருக்குள் மூன்று வேறு நிலைகள் மறைந்திருக்கலாம்: காதில் விழவில்லை, விழுந்தும் நினைவில் நிற்கவில்லை, நின்றும் செய்ய மறுக்கிறான். முதலாவது செவித்திறனையும், இரண்டாவது கவனத்தையும், மூன்றாவது உறவுநிலையையும் நோக்கி இட்டுச்செல்லும். 'சொன்னதும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா? பார்த்துவிட்டு என்ன செய்கிறான்?' என ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்பதே இம்மூன்றையும் பிரித்தறியப் போதுமானது. சொல்லாராய்ச்சியில் ஒரு சொல்லின் பல பொருள்களை இடம் நோக்கிப் பிரித்தறியும் அதே முறைதான் இங்கும் பயன்படுகிறது.

மதிப்பீட்டிற்குப் பின்

நோயறிதல் குழந்தைக்கு ஒட்டப்படும் முத்திரையாக முடிந்துவிடல் கூடாது. சிறு குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் உதவி. பள்ளி வயதினருக்கு வகுப்பறை மாற்றங்களும் நடத்தைப் பயிற்சியும், தேவைப்படின் மருந்தும் சேர்த்து வழங்கப்படும். இதற்குரிய மருந்துகளுள் ஒன்றாகிய மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. மருத்துவரின் எழுத்துச் சீட்டின்றிப் பெறத்தக்கதன்று. முன் வரிசையில் அமர்த்துதல், பணியைச் சிறு கூறுகளாகப் பிரித்தளித்தல், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை கூறுதல், இடையிடையே எழுந்து செய்யும் வேலை தருதல் ஆகியவற்றிற்குச் செலவு எதுவுமில்லை. நோயறிதல் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடித்துத் திருத்துதல் பயனற்றது; 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதனைத் தடையும் செய்துள்ளது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் மதியிறுக்கமும் இடம்பெற்றுள்ளன. ஏடிஎச்டி தனிப்பெயராக இடம்பெறவில்லை. ஆகவே உடனிருக்கும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து மதிப்பிடுமாறு பெற்றோர் கேட்டுக்கொள்வது, பின்னாளில் தேர்வுச் சலுகை பெறுவதற்கும் துணைசெய்யும். மருத்துவமனைக்குச் செல்லுமுன் ஆலோசனை வேண்டுவோர், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முடிவுரை

ஏடிஎச்டி மதிப்பீடு என்பது அடிப்படையில் இரண்டு இடங்களின் சாட்சியத்தை ஒன்றுசேர்த்துப் பொருள்கொள்ளும் செயலாகும். அச்சாட்சியம் தமிழிலேயே சொல்லப்படுகிறது. எனவே மருத்துவக் கருவிகளைப் போன்றே மொழிக்கருவியும் செம்மையுற வேண்டும். அதன்பொருட்டுத் தமிழாய்வுலகம் ஆற்றத்தக்க பணிகள் மூன்று. பொறுப்பின்மையைச் சுட்டாத கலைச்சொல்லைத் தேர்ந்து நிலைபெறச் செய்தல் முதலாவது. அளவுகோல் வினாக்களைத் தமிழ்நாட்டு வகுப்பறைக்கும் வீட்டிற்கும் ஏற்பத் தகவமைத்து, மருத்துவத் துறையினரோடு இணைந்து களத்தில் சோதித்தல் இரண்டாவது. குழந்தையின் நடத்தையைக் குறிக்க வட்டாரந்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவை மறைத்துவைக்கும் பொருள் வேறுபாடுகளை ஆசிரியப் பயிற்சிக்கு உதவும் வகையில் விளக்குதல் மூன்றாவது.

கிளியனூரில் ஒரு பள்ளியில் எழுதப்படும் ஒரு பக்கக் குறிப்பு, ஒரு குழந்தை ஒன்பது வயதில் உதவி பெறுவதா, பதினைந்து வயதில் பள்ளியைவிட்டு நீங்குவதா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். அக்குறிப்பில் 'அடங்காதவன்' என்னும் சொல்லுக்கு மாற்றாக 'ஆறேழு முறை எழுகிறான்' என்னும் தொடர் இடம்பெறுவதே மதிப்பீட்டின் தொடக்கமாகும்.